வீட்டு இலக்கம்

மோகன்ராஜ் பாதி வடையை அக்காவின் மேசையில் வைத்துவிட்டு கணினித் திரையை எட்டிப் பார்க்கிறான். "என்னக்கா, இந்தப் பொட்டியில படம் ஓடாதா?" "சும்மா இருடா," என்கிறாள் புஷ்பராணி. கண்டி மழை அடையாள அட்டை வழங்கும் கந்தோரின் சன்னல் கண்ணாடியை மங்கலாக்கிவிட்டது. திரையின் பச்சை வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் விழுகிறது. அடையாள அட்டைக்கான தம்பியின் விபரம் வீட்டு இலக்கத்தில் வந்து நிற்கிறது. எண் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கணினி விடாது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வரிசையாய் ஒட்டிக் கிடக்கும் காம்பராக்களுக்கு எண்ணே கிடையாது. பொய்யாக ஒன்றைப் போட்டால், சோதனைச்சாவடியில் பொய்யன் ஆகப்போவது அவன்தான். "சேர், எண் இல்லாட்டியும் விடுற மாதிரி புரோகிராம்ல ரெண்டு வரி மாத்தினா போதும். எனக்குத் தெரியும்," என்கிறாள். மேலதிகாரி தியாகராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "தோட்டத்துப் பிள்ளை, அதுவும் பொம்பிளைப் பிள்ளை. உமக்கு ரைப் பண்ணத் தந்ததே பெரிசு. அதில கை வைக்காதையும். கொழும்பில இருந்து ஆக்கள் வருவினம்." அந்த இரண்டு வரிகளும் அவள் விரல் நுனியிலேயே நிற்கின்றன. "அடுத்த கெழம வாரேன் அக்கா, வடையத் தின்னுரு," என்று அடையாள அட்டைக்குப் பதிலாகத் தோட்டத்துத் துரை கொடுத்த கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்தபடி அவன் படியிறங்குகிறான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச்சாவடியில் படையினர் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்கிறார்கள். கடிதத்தை நீட்டியவனை இறக்கிக் கொண்டுபோகிறார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் எவருமில்லை. மறுமாதம் வந்த கொழும்பு ஆட்கள் அதே இரண்டு வரிகளைத்தான் மாற்றுகிறார்கள். புஷ்பராணி வீட்டு லயத்துக் கதவில் இன்றும் எண் இல்லை.