கத்தினாலும் கேட்காது

"கத்தினா வெளியே கேக்குமா, சித்தப்பா?"

"எதுக்கும்மா நீங்க கத்தப் போறீங்க?"

"நான் எதுக்குக் கத்தறேன்? என் வீட்டுக்காரர்தான் கத்துவாரு. கொஞ்ச நேரம் கத்துவாரு, அப்புறம் தானா அடங்கிடுவாரு."

குடித்துக்கொண்டிருந்த காபி புரையேறியது சித்தப்பாவுக்கு.

அவளுக்கு மட்டுமல்ல, டிவி பார்க்கும் அத்தனை பேருக்கும் அவர் 'சிக்கனச் சித்தப்பா'. ஞாயிறு காலை தவறாமல் திரையில் தோன்றி, "இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடுங்க, வெயில் உள்ளே வராது, கரண்ட் பில் பாதியாகும்" என்பார். டிவியில் சொன்னால் பொய்யாக இருக்குமா? இந்தத் தெருவே நன்றாக இருந்த ஜன்னல்களைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதிது போட்டது. மாட்டிக் கொடுத்தது அவருடைய மைத்துனர்.

அடுத்த வாரம் இந்த வீட்டை 'முன்மாதிரி இல்லம்' என்று காட்டப் போகிறார். அதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம் என்று அவள் கூப்பிட்டதால் வந்தார். சந்தேகம் இப்படி இருக்கும் என்று யார் கண்டது?

"மெதுவா பேசுங்கம்மா" என்று கிசுகிசுத்தார். சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், சம்பந்தப்பட்ட வீட்டுக்காரர் பூவாளியோடு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மெதுவா? 'இந்த ஜன்னல் போட்ட வீட்டுல கொலையே நடந்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது'ன்னு டிவியில சொன்னது நீங்கதானே? அதைக் கேட்டப்பதான் எனக்கு இந்த யோசனையே வந்துது!" அவள் குரல் எட்டுக்கட்டைக்கு ஏறியது.

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா..."

"நாளைக்கு இதே ரூம்ல முடிச்சிடலாம்னு இருக்கேன். பாருங்களேன், இவ்வளவு சத்தமா சொல்றேன், எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கறாரு!"

உண்மைதான். அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், காது மந்தமோ என்னவோ.

சித்தப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஓர் உயிர் போகப் போகிறதே என்று அல்ல. உயிர் போனால் போலீஸ் வரும். வந்த போலீஸ் ஜன்னலைத் தட்டிப் பார்க்கும். "யோசனை சித்தப்பாவோடது" என்று இவள் கை காட்டுவாள். நிகழ்ச்சி போச்சு, மைத்துனர் போச்சு, மானமும் போச்சு.

"வேண்டாம்மா, சொன்னாக் கேளுங்க. அவர் கத்தினா தெருமுனை வரைக்கும் கேக்கும்."

"சும்மா பயமுறுத்தாதீங்க. இரட்டைக் கண்ணாடி!"

"ஐயோ, ஒத்தைக் கண்ணாடிம்மா!" அவரே கத்திவிட்டார். "சட்டத்துல ஒரு கறுப்பு ரப்பரை ஒட்டி ரெண்டு கண்ணாடி மாதிரி காட்டியிருக்கோம். இந்தத் தெரு முழுக்க அதேதான். வெயிலும் வரும், சத்தமும் போகும். கரண்ட் பில் ஒரு பைசா குறையாது. போதுமா?"

"போதும் சித்தப்பா" என்றாள் அவள், காபி டம்ளரை எடுத்துக்கொண்டே.

வெளியே பூவாளி தரைக்கு இறங்கியது. செடிகளுக்கு நடுவே சாய்த்து வைத்திருந்த செல்போனை வீட்டுக்காரர் கையில் எடுத்தார். சாத்திய ஜன்னலைத் தாண்டி அவர் குரல் தெள்ளத்தெளிவாக உள்ளே வந்தது.

"கடைசியா சொன்னதை மட்டும் கேமராவைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்களேன், சித்தப்பா!"