புழுக்காரியின் குளம்

"பிரிக்காதீங்க மாமா."

சாக்கின் தையலில் கத்தியை வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

குளத்துக் கரையில் மூட்டைகள் இறங்கியிருந்தன. அத்தனையும் மீன்தூள். கடலில் வாரிக்கொண்டு வந்த பொடிமீனைக் காயவைத்து அரைத்த தூள். வண்டி வளைவில் திரும்புவதற்குள் வாடை வந்து மூக்கில் ஏறியிருந்தது.

கொண்டுவந்தவர் அவள் கணவனின் அண்ணன். சொந்தப் படகுகள், சொந்த அரவை ஆலை. சந்தையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அதே சந்தையில் அவளுக்குப் புழுக்காரி என்று பெயர்.

கறுப்பு ஈ வளர்ப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அழுகின காய்கறியையும் சாப்பாட்டுக் கடை மிச்சத்தையும் தட்டுகளில் பரப்பி, ஈ முட்டையைப் பொரிக்க விடுவாள். புழு கொழுத்ததும் உலர்த்தி, அரைத்து, தவிட்டோடு பிசைந்து, குருணையாக்கி மீனுக்குப் போடுவாள்.

ஆரம்பத்தில் ஒரு மீன் வியாபாரி எல்லார் எதிரிலும் கேட்டார்: "கடையில உட்கார்ந்து ஈ ஓட்டுறவனைப் பாத்திருக்கேன். ஈ வளர்க்கிற பொம்பளைய இப்பத்தாம்மா பாக்குறேன்."

"ஓட்டினதையெல்லாம் வீணாக்காம எங்கிட்ட அனுப்பி வைங்க" என்றாள்.

சிரிப்பு அவர் பக்கம் திரும்பிக்கொண்டது. அடுத்த அறுவடைக்கு முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான்.

அப்படித் தலை நிமிர்ந்து நடந்தவளுக்கு எறும்பு ரூபத்தில் வந்தது கேடு. ஒரு மழைக்குப் பிறகு கொட்டகையைத் திறந்தால், தட்டுத் தட்டாகப் புழுவைக் காணோம். செவ்வெறும்புதான் மொய்த்துக் கிடந்தது. முட்டையிலிருந்து மறுபடி தொடங்கினாள். ஆனால் புழு வளரும்வரை மீனின் வயிறு காத்திருக்குமா? இருந்த குருணையை அரைவயிற்றுக்குப் போட்டாள். கரையில் அவள் நிழல் விழுந்தாலே குளம் முழுக்க அந்தப் பக்கம் திரண்டு வந்து வாயைத் திறந்தது.

விஷயம் எப்படியோ கணவனின் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. ஆளனுப்பாமல் தானே வந்துவிட்டார்.

"உன்கிட்ட நான் காசா கேட்டேன்? சும்மாதானே தர்றேன். வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்குது. வீம்பு வயித்தை நிறைக்காதும்மா."

அதில் பொய் ஒன்றுமில்லை. அவர் கெட்டவர் என்றால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"அரைவயிறா வளரட்டும் மாமா. இது மட்டும் வேண்டாம்."

"மீனுக்கு மீனைப் போட்டா என்ன குடி முழுகிடும்?"

ஊருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்கள் அவளிடம் இருந்தன. பொடிமீனை வழித்து அள்ளினால் நாளைக்குக் கடலில் பெரிய மீனுக்கு இரை ஏது? குப்பையில் போகிறதே தீவனமாகும்போது கடலை ஏன் சுரண்ட வேண்டும்? எல்லாம் நியாயம்தான். அதையெல்லாம் அவரும் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பு வைத்திருந்தார்.

இன்று மறுப்புச் சொல்லக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. தையலை அறுத்து, இரும்புச் சட்டி நிறைய அள்ளிக்கொண்டு கரையோரம் போனார்.

அவள் ஓடினாள். அவர் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. தடதடவென்று குளத்துக்குள் இறங்கி, மார்பளவு தண்ணீரில் அவருக்கு நேர் எதிரே திரும்பி நின்றாள். இரை என்று நினைத்து மீன்கள் அவளைச் சுற்றி முட்டின.

"போடுறதா இருந்தா என் தலைமேல போடுங்க."

மூட்டை தூக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி மனைவி நடுக்குளத்தில் நிற்க, கையில் சட்டியோடு கரையில் நிற்பது அவருக்கு அவமானமாக இருந்தது. முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஊருக்குச் சொல்ற காரணமெல்லாம் எனக்கு வேண்டாம். நிஜத்தைச் சொல்லு. எங்கிட்டேருந்து வர்றதுனாலயா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"உங்க தம்பி இன்னும் அந்தக் கடல்லதான் இருக்காரு மாமா."

தம்பியின் படகு கவிழ்ந்த இடத்தில் வாரக்கணக்காக வலைபோட்டுத் தேடியவர் அவர்தான். கிடைத்தது பொடிமீன்தான்.

சட்டியில் இருந்ததை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு திரும்பி வந்து, மண்டியிட்டு, ஒரு துளி சிந்தாமல் சாக்குக்குள் கொட்டினார். விரலிடுக்கில் ஒட்டியிருந்ததையும் தட்டி உள்ளே விட்டார். சாக்கின் வாயைச் சேர்த்துக் கட்டினார்.

ஆட்கள் மூட்டையைத் தூக்கக் கொக்கியோடு வந்தார்கள். கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

அவள் தண்ணீரைவிட்டு ஏறவில்லை. கடைசி மூட்டை போகிறவரை ஏறுவதாகவும் இல்லை.

அவர் குனிந்து, சாக்கின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, உறங்கும் ஆளைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, மெல்ல வண்டியை நோக்கி நடந்தார்.