கிடாய்க்கு ஒரு ஊசி

மடத்துக்குளம் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தன் செம்மறிக் கிடாயோடு வந்திருந்தார் பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பன்.

“தோட்டத்துல ஒரு ஆடுகூட செனை நிக்கலீங்க டாக்டர். மலட்டு ஆடுகன்னு கறிக்குப் போட்டுட்டு வேற வாங்கினேன். அதுகளும் அப்படியேதானுங்க.”

டாக்டர் கிடாயைச் சோதித்தார்.

“ஆடுக மேல குத்தமில்லீங்க. வெயில் காலத்துல உங்க கிடாய்க்குத்தான் வீரியம் கொறைஞ்சு போச்சு. ஹார்மோன் ஊசி போட்டுப் பார்க்கலாம். மரகதம், மருந்தை எடுத்துட்டு வாம்மா.”

உள்ளேயிருந்து நிறைமாத வயிற்றோடு வந்த உதவியாளரைப் பார்த்ததும் சென்னியப்பன் கையிலிருந்த கயிறு நழுவியது. மலடி என்று அவர் விவாகரத்துச் செய்த முதல் மனைவி அவள்.

வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி மரகதம் சொன்னாள்: “ரெண்டாவது சம்சாரத்தையும் தொரத்தறதுக்கு முந்தி நீங்களும் ஒரு டாக்டரைப் பாத்துருங்க.”