கீழே சாப்பிடும் ஆள்

அந்த ஆள் இன்றும் வந்துவிட்டான். கீழே நூடுல்ஸ் கடையில், மாடிப்படிக்குப் பக்கத்து மேசையில், ஒட்ட வெட்டிய கிராப்பும் பளபளக்கும் ஷூவுமாக உட்கார்ந்திருந்தான்.

கிசோப் படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மாடியிலிருந்த ஒத்திகை அறைக்கு ஓடினான். எழுபத்தைந்தாம் வருஷத்து சியோலில், தோள்வரை முடி வளர்த்த கிதார்க்காரனுக்கு ஒட்ட வெட்டிய கிராப் என்றாலே போலீஸ்தான்.

'வெண்கொக்குகள்' குழுவைத் தொடங்கியவன் அவன்தான். அமெரிக்க ராணுவ முகாம்களில் வாசித்துப் பழகி, கிதாரை மணிக்கணக்கில் அலறவிட்டு, 'தண்ணீருக்குள் நிலா' என்ற ஒரே பாட்டில் ஊரையே கிறங்கடித்தார்கள். அதுவே வினையாகிவிட்டது. இளைஞர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று அரசாங்கம் பாட்டுக்குத் தடை போட்டு, கடை கடையாகப் புகுந்து இசைத்தட்டுகளை அள்ளிப்போய் உடைத்தது.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் மாதிரி ஆகிவிட்டான் கிசோப். கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகையில் மட்டும் அதை வாசித்துவந்தான். வெளியே தெரிந்தால் மேடையேறும் அனுமதி போகும். ஜெயிலும் உண்டு.

"உளவுக்காரனேதான் அண்ணே," என்றான் டிரம்ஸ் வாசிக்கும் பில்ஜுங். "நூடுல்ஸ் ஊறிப்போய்க் கெடக்கு, வாயில வைக்கல. காது பூரா இங்கதான் இருக்கு."

"நிலாப் பாட்டை நிறுத்துடா. உழைப்பாளிப் பாட்டைப் போடு."

சர்க்காருக்குப் பிடித்த முன்னேற்றப் பாட்டு அது. ரேடியோவைத் திருப்பினால் அதுதான். நாலு வரி வாசிப்பதற்குள் அந்த ஆள் எழுந்து போய்விட்டான். ஒரு வாரமாக இதே கதை.

நம்மை நல்ல பிள்ளைகள் என்று நம்பிவிட்டான் என்று பில்ஜுங் சிரித்தான். கிசோப்புக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பிவிட்டுப் போகிறவன் மறுநாளும் ஏன் வருகிறான்?

அடுத்த நாள் அந்த ஆள் சாப்பிட உட்காரவே இல்லை. நேரே படியேறி வந்து கதவைத் திறந்தான். பில்ஜுங் பதறிப்போய் உழைப்பாளிப் பாட்டுக்குத் தாளம் போட்டான்.

"அதை நிறுத்துங்க தம்பி," என்று கையமர்த்தினார் வந்தவர். "பாட்டுத் தணிக்கை ஆபீஸ்லருந்து வர்றேன். 'தண்ணீருக்குள் நிலா'வுக்குத் தடை போட்டுக் கையெழுத்து வச்சது நான்தான்."

கிசோப் முன்னால் வந்து நின்றான். கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு, பையன்களுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் என் பொறுப்பு என்று இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினான்.

வந்தவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதை ஒரு தடவை முழுசா வாசிங்க தம்பி. வேற எங்கயும் கேக்கக் கிடைக்கல."