விழுந்தாச்சு

"சகலருக்கும் இதனால அறிவிச்சுக்கிறது என்னன்னா, உசிலம்பட்டியில இருந்து ரொம்ப முக்கியமான ஒரு காரியமா வந்திருக்கோம்," என்றார் ஆண்டிச்சாமி. "வீட்ல ரெண்டு தடவை விழுந்தாச்சு. இன்னொரு தடவை விழுந்தா இடுப்பு போயிரும்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு."

மதுரையில், தண்ணீருக்குள் பயிற்சி கொடுக்கும் அந்தச் சிகிச்சை மையத்தில் அப்போது இருந்த சகலரும் இரண்டே பேர். ஒருவர் முழங்கால் வலிக்காரர், தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருத்தி பயிற்சி தரும் வர்ஷினி. பல வருடம் கூட்டுறவுச் சங்கத் தலைவராக இருந்து, பதவி போன பின்பும் மைக்கை விடாத ஆண்டிச்சாமிக்கு இதுவே பெரிய கூட்டம்தான்.

பேஷண்ட் யார் என்று வர்ஷினி கேட்டாள்.

தலைவர் வாயைத் திறக்காமல், பக்கத்தில் நின்ற மனைவியின் தோளில் கையை வைத்தார். வர்ஷினி சுந்தரம்மாளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

சுந்தரம்மாளின் முகம் வெளிறிக் கிடந்தது. எதிர்வீட்டுத் தவசியும் இப்படித்தான் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். அந்தக் கட்டிலிலிருந்து சுடுகாட்டுக்குத்தான் போனார். அன்று முதல் குளியலறையில் வாளி நகரும் சத்தம் கேட்டாலே அந்த அம்மாளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், தடுமாறினாலும் எலும்புக்கு ஒன்றும் ஆகாது, பழகப் பழகத் தரையிலும் கால் தள்ளாடாது என்று வர்ஷினி சொல்லி முடிப்பதற்குள், தண்ணீரின் மகிமையைப் பற்றித் தலைவரே பேச ஆரம்பித்துவிட்டார். முழங்கால் வலிக்காரர் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டார்.

வைகையில் கால் நனைக்க வழியில்லாத ஊரில், இங்கே தொட்டியில் மார்பளவுத் தண்ணீர் வெதுவெதுப்பாக நின்றது. மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்த சுந்தரம்மாள் முதல் படியிலேயே நின்றுகொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார் கணவரிடம். "நீங்களும் வாங்க."

பொம்பளைகளுக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான் என்று ஆண்டிச்சாமி வர்ஷினியிடம் சலித்துக்கொண்டார். இருந்தாலும், மனைவிக்குத் தைரியம் கொடுக்கும் பொருட்டுத் தண்ணீரில் இறங்கப் பெருந்தன்மையோடு சம்மதித்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்ற மட்டும் மறுத்துவிட்டார். தலைவர் தண்ணீரிலும் தலைவர்தானே.

ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்தபடி இருவரும் தொட்டியின் நடுவுக்கு வந்தார்கள். வர்ஷினி பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு காலைத் தூக்கச் சொன்னாள். சுந்தரம்மாள் தூக்கினார். ஆனால் அவருடைய கண்கள் கணவரின் முகத்தை விட்டு அகலவில்லை.

"பயப்படாத. நான்தான் இருக்கேன்ல," என்றார் ஆண்டிச்சாமி. மேடைக்குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. "கையை மட்டும் விட்றாத."

கையைப் பிடித்துக்கொண்டே நின்றால் காலுக்கு நிதானம் எப்படி வரும் என்று வர்ஷினி கேட்டாள். தலைவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். தலைவர் நகரவில்லை.

"வேணாம் தாயி," என்றார் சுந்தரம்மாள். "ஒனக்குப் புண்ணியமாப் போகும். கையை விடச் சொல்லாத."

இப்படிக் கெஞ்சுகிற எத்தனையோ பேரை வர்ஷினி பார்த்திருக்கிறாள். பயம் தெளிய ஒரே வழிதான் உண்டு. சிரித்துக்கொண்டே இருவரின் விரல்களையும் மெல்லப் பிரித்துவிட்டாள்.

சுந்தரம்மாள் அலறினார்.

வெள்ளைச் சட்டை மட்டும் பலூனாக உப்பி மேலே மிதக்க, ஆண்டிச்சாமி உள்ளே போனார்.

வர்ஷினி திரும்புவதற்குள் சுந்தரம்மாள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, கணவரைத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். தலைவர் இருமினார். பேச வாயைத் திறந்து, தண்ணீரைத்தான் துப்பினார்.

"அம்மா, நீங்க எப்படி இம்புட்டு ஸ்டெடியா..." என்று இழுத்தாள் வர்ஷினி.

சுந்தரம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குப் பயம்னு சொன்னாத்தான் தாயி இவுக தண்ணிக்குள்ள இறங்குவாக. ரெண்டு தடவையும் விழுந்தது இவுகதான்."