முருங்கைக் கிளைக்கு எதிரே ஒரு பெட்டி

கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாச் சொல்ற கதை இல்லை இது.

ஒரு மாடிச் சுவரின் வெளிப்பக்கம் ஏசிப் பெட்டி தொங்கியது. எதிரே முருங்கைக் கிளையில் அணில் கூடு கட்டியிருந்தது. பெட்டி ஊதிய அனலில், கண் திறக்காத மூன்று குட்டிகளும் வாயைப் பிளந்து கிடந்தன.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. பிள்ளைங்க செத்துரும்" என்றது அணில்.

"நான் என்ன பண்ணினேன்? மேலே பாரு, சூரியன் காயறான்" என்றது பெட்டி.

பஞ்சாயத்துக்கு வந்திருந்த ஓணான் தலையாட்டியது.

"உன் பாட்டன் காலத்திலும் சித்திரை சுட்டதுதானே?" என்று பெட்டி அணிலைக் கேட்டது.

அதற்கும் ஆட்டியது.

"அந்தப் பக்கத்துக் கிளைக்கும் இதே சூரியன்தான். அங்கே இலை கருகலையே?" என்றது அணில்.

அதற்கும் ஆட்டியது.

"உமக்குக் கழுத்து வலிக்கலையா, நாட்டாமை?" என்று அணில் கேட்டது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. பெட்டி அடங்கியது. உச்சி வெயில் அப்படியே இருக்க, குட்டிகள் வாயை மூடி நிதானமாக மூச்சு விட்டன.

அணில் ஓடிப்போய்த் தேங்காய் நாரைக் கவ்வி வந்து, பெட்டிக்குள் நின்றிருந்த விசிறியில் திணித்தது.

கரண்ட் வந்தது. விசிறி உறுமியது, ஆனால் சுற்றவில்லை.

"நாரை எடுத்துடு தாயீ, பேசித் தீர்த்துக்கலாம்" என்றது பெட்டி.

அணில் இன்னொரு வாய் நாரைத் திணித்தது.