கண்ணாடி மூடியில் ஒரு முகம்

நெல்லித்தோப்பில் தெருக்காரர்கள் மாதாமாதம் பணம் போட்டு நடத்தும் அறக்கட்டளையின் வாசலில், இறந்தவர்களைக் கிடத்தும் ஃப்ரீசர் பெட்டி வேனில் ஏறக் காத்திருக்கிறது. அடுத்த தெருவில் அஞ்சம்மாள் இறந்துவிட்டார். அங்கே ஊதும் சங்கு இங்கே கேட்கிறது. பெட்டியின் கண்ணாடி மூடியில், புது கம்ப்ரசர் வாங்கிக் கொடுத்த தனகோபாலின் படம் கைகூப்பிச் சிரிக்கிறது. சரியாக, உள்ளே கிடப்பவரின் முகம் தெரிய வேண்டிய இடத்தில். நேற்று அவருடைய ஆட்கள் ஒட்டிவிட்டுப் போனது. செயலாளர் செந்தமிழ்ச்செல்வி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து பிளேடால் அதைச் சுரண்டுகிறார். காதும் மோதிர விரலும் சுருள் சுருளாக அவர் காலடியில் விழுகின்றன. சுரண்டிய இடத்தில் வெயில் பளீரென்று உள்ளே இறங்குகிறது. புல்லட்டிலிருந்து இறங்கும்போதே தனகோபால் கத்துகிறார். "குடுத்தவன் யாருன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா? கம்ப்ரசரக் கழட்டிக்கினு போயிடுவேன்!"

"தாராளமா கழட்டிக்கினு போங்க. ஐஸ் பார் வாங்கி அடுக்கிக்கிறோம். கடக்கரை ஊர்ல ஐஸுக்கா பஞ்சம்?"

கண்ணாடியில் இப்போது அந்தச் சிரிப்பு மட்டும் மிச்சமிருக்கிறது. செந்தமிழ்ச்செல்வி அதன்மேல் பிளேடை வைத்து ஒரே இழுப்பாக இழுக்கிறார். பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார்.

"இதுல மூஞ்சி தெரியணும்னா, உள்ளதான் படுக்கணும்ண்ணே."